அக்டோபர் மாதக் காற்று

வாலிநோக்கம் போகும் வழியில் உள்ள அந்தக் கடலோர ஊரில் கிணற்றுத் தண்ணீரை வாயில் வைக்க முடியாது, அவ்வளவு உப்பு. அதை நல்ல தண்ணீராக்கும் சின்ன ஆலைக்குக் கரண்ட் தரத்தான் கடற்கரைத் தெருவில் புதுமாதிரிக் காற்றாலை வந்தது. வழக்கமான மூன்று நீள இறக்கைகள் இதற்குக் கிடையாது. செங்குத்தாக நிற்கும் தண்டைச் சுற்றி வளைந்த தகடுகள். எந்தப் பக்கக் காற்றுக்கும் சுற்றும். கொண்டுவந்தவன் ரிஃபாய். ஊர்ப்பிள்ளை, மதுரைக் கம்பெனி ஒன்றில் காற்றை அளக்கும் வேலை.

ஜூன் தொடங்கி நாலு மாதம் நன்றாக ஓடியது. அக்டோபரில் காற்று விழுந்துவிட்டது. காற்றாலையும் நின்றது, தண்ணீர் ஆலையும் நின்றது. பெண்கள் குடத்தோடு அடுத்த ஊருக்கு நடந்தார்கள்.

லீவுக்கு வந்திருந்த ரிஃபாய் தெருமுனையில் திரும்பும்போது ஹமீதா பானுவின் குரல் கேட்டது. அவனுடைய வாப்பாவின் தங்கை. முணுமுணுத்த பெண்களிடம் மல்லுக்கு நின்றாள்.

"காத்து அல்லா குடுக்குறது. அது நின்னுபோனா எம்புள்ள என்ன செய்வான்?"

ரிஃபாய்க்கு உடம்பு கூசியது. போன வருஷ அக்டோபரில், காற்றை அளக்கக் கடற்கரையில் நட்டிருந்த கம்பத்தின் உச்சியில் இருந்த கருவி துருப்பிடித்து நின்றுபோயிருந்தது. அவனுக்கு அப்போது நிச்சயதார்த்த அலைச்சல். ஏறிப் பார்க்காமல், செப்டம்பர் அளவுகளையே அங்கங்கே மாற்றி அக்டோபருக்கும் எழுதி அனுப்பிவிட்டான். அதை நம்பித்தான், காற்றாலை மட்டுமே போதும் என்று கம்பெனி முடிவு செய்தது.

"மாமி, நாந்தான் தப்பா எழுதிக் குடுத்தேன்" என்று அங்கேயே நின்று சொன்னான். எல்லாவற்றையும் சொன்னான்.

ஹமீதா பானு அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"முன்னமே சொல்லியிருந்தா கவர்மெண்டு கரண்ட் கனெக்சனும் சேத்துக் கேட்டிருப்போம்ல. இவ்வளவு பேரையும் நடக்க விட்டுட்டியே."

குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு நடந்தாள்.

மறுநாளே அவன் கம்பெனிக்குப் போய் உண்மையை எழுதிக் கொடுத்தான். அளக்கும் வேலை போயிற்று. பட்டறையில் தகடு வளைக்கப் போட்டார்கள். டிசம்பரில் வாடைக்காற்று எழுந்து காற்றாலை மறுபடி சுற்றியது, கரண்ட் இணைப்பும் வந்தது. ஆனாலும் ஊருக்கு வரும்போதெல்லாம் ரிஃபாய் கடற்கரைத் தெருவை விட்டுச் சுற்றித்தான் வீட்டுக்குப் போனான். அதன்பிறகு யாரும் அவனை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால் தேவலை என்றிருந்தது அவனுக்கு.