மூன்றாவது காப்பாளர்

வெள்ளிக்கிழமை பின்னேரம் பயிற்சியாளர் தொலைபேசியில் கேட்டது ஒரு கேள்விதான். உலக சம்பியன்ஷிப்புக்குப் போகும் சுவிஸ் பெண்கள் ஐஸ் ஹொக்கி அணிக்கு மூன்றாவது கோல் காப்பாளராக வருகிறாயா, திங்கட்கிழமை சொன்னால் போதும் என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்றாள் கோபிஷா. பக்கத்தில் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த அப்பா பத்மநாதனுக்கு அது கேள்வியாகவே படவில்லை. நாடு கூப்பிட்டால் மறுக்கிற ஆளும் இருக்குமா?

அவளுக்கு யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. ஏற்கெனவே இரண்டு முறை அப்படிப் போய்வந்தவள். மூன்றாவது காப்பாளர் பயிற்சியில் எல்லோரும் வலைக்கு அடிக்கிற அடியையெல்லாம் வாங்குவாள்; ஆட்டம் தொடங்கியதும் மேலே போய்ப் பார்வையாளரோடு உட்காருவாள். ஒரு நிமிடம்கூட அவள் வலைக்கு முன் நின்றதில்லை. நீ இல்லாமல் எங்களால் முடியாது என்று மற்ற இரு காப்பாளர்களும் கட்டிப்பிடிப்பார்கள். அது உண்மையாக இருந்ததுதான் அவளை உறுத்தியது. முறைப்பாடு சொல்லாத பிள்ளையை யாரும் இடம் மாற்ற மாட்டார்கள். இந்த முறை, விளையாட விட்டால் வருகிறேன், இல்லையென்றால் வேறு ஆளைப் பாருங்கள் என்று சொல்லப்போகிறாள். குளியலறையில் அதை ஜேர்மன் மொழியில் சொல்லியும் பார்த்துவிட்டாள்.

ஞாயிறு, சோலோதுர்ன் நகருக்குப் பக்கத்துக் கோயிலில் பூசை முடிந்து தலைவர் ஜெகதீஸ்வரன் மைக்கை எடுத்தபோதுதான் அவளுக்கு விளங்கியது. ஹொக்கி சம்மேளனம் அணியை இன்னும் அறிவிக்கவில்லை, அப்பா அறிவித்துவிட்டார். வரும் ஞாயிறு மண்டபம் ஒரு கலியாணத்துக்குப் போய்விட்டதால் கௌரவிப்பை இன்றைக்கே வைத்துவிட்டார்கள். பொன்னாடை தோளில் ஏறியது. மைக் கைக்கு வந்தது.

"நான் இன்னும் ஓம் எண்டு சொல்லேல்லை," என்றாள். "அங்க என்னை விளையாட விடமாட்டினம். நான் போகமாட்டன் எண்டுதான் நினைக்கிறன்."

ஜெகதீஸ்வரன் மைக்கை வாங்கினார். "பாருங்கோ, நாட்டுக்கு விளையாடுற பிள்ளை, கொஞ்சமாவது தலைக்கனம் இருக்கோ? என்ர மகன் பள்ளிக்கூடத்தில ஒரு கோல் அடிச்சுப்போட்டு வருசம் முழுக்கக் கதைச்சவன்."

சனம் சிரித்துக் கைதட்டியது. அவள் மறைக்காமல் சொன்னதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

காரில் திரும்பி வரும்போது முன் இருக்கையில் இருந்த அம்மா சுகந்தி, தலையைத் திருப்பாமல் கேட்டாள். "உண்மையாவே போகேல்லையோ, பிள்ளை?"

"போகாமல்?" என்றார் அப்பா.

அம்மா மடியில் இருந்த பிரசாதப் பையை முடிந்து வைத்தாள்.

கோபிஷாவின் தொலைபேசி அடித்தது. பயிற்சியாளர். கோயிலில் யாரோ அவளுடைய படத்தைச் சுவிஸ் கொடியோடு இன்ஸ்டாகிராமில் போட்டிருந்தார்கள். கோபமில்லை, சிரித்தார். நாங்கள் அறிவிக்கும்வரை அதை அழித்துவிடச் சொல் என்றார். நீ மறுத்துவிடுவாய் என்று இரண்டு நாளாகப் பயந்து, வேறொரு பெண்ணைத் தயாராக இருக்கச் சொல்லியிருந்தேன், இனித் தேவையில்லை. அப்படியென்றால் வருகிறாய் என்று எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார்.

குளியலறையில் பழகிய வசனம் நாக்கு நுனியில் நின்றது. கண்ணாடியில் அப்பாவின் கண்கள் தெரிந்தன. கேட்பதற்காக அவர் காரின் வேகத்தைக் குறைத்திருந்தார்.

"யா," என்று ஜேர்மனில் ஓம் சொன்னாள்.

சொன்னதும் நெஞ்சில் ஓர் ஆறுதல் பரவியது. யாரையும் நோகடிக்கவில்லை என்ற அந்தப் பழைய ஆறுதல். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"என்னவாம்?" என்றார் அப்பா.

"படத்தை அழிக்கட்டாம்."

"ஏன், வடிவாத்தானே வந்திருக்கு," என்றார் அவர்.