சைகாலின் பச்சைப் புள்ளி

எங்கள் இணையதளத்தின் வலது மூலையில், ஒரு சின்ன வட்டத்துக்குள் என் மனைவி சிரித்துக்கொண்டிருப்பாள். பக்கத்தில் பச்சைப் புள்ளி. கீழே, "நான் சைகால். என்ன வேணும், கேளுங்க." அவள் இறந்த பின்னும் ஏழு மாதம் அந்தப் புள்ளி அணையவில்லை. அணைக்காதவன் நான்.

பிஷ்கெக் நகரில் இரண்டு அறைதான் எங்கள் வீடும் நிறுவனமும். மற்றவர்களுக்கு இணையதளம் கட்டிக் கொடுப்பது நான். ஆட்களிடம் பேசுவது அவள். விடுதிக்காரர்கள், பல் மருத்துவர், கம்பள வியாபாரி எல்லோரும் அவளை நம்பித்தான் வந்தார்கள். ஜனவரியில் கணவாய்ச் சாலையில் அவள் போன வண்டி பனியில் சறுக்கியது. நாற்பதாம் நாள் சடங்கு முடிந்த வாரம் அரட்டைப் பெட்டியில் ஒரு செய்தி. கொச்கோர் என்ற ஊரில் கூடார விடுதி நடத்தும் துர்சுனை அக்கா எழுதியிருந்தார்: "கண்ணு, எங்க போய்ட்ட? கூடாரப் படம் தலைகீழா தெரியுதுடி."

'அவள் இல்லை' என்று அடித்தேன். அழித்தேன். "இதோ சரி பண்றேன் அக்கா" என்று அனுப்பினேன். உண்மையைச் சொன்னால் எல்லோரும் போய்விடுவார்கள் என்ற பயம். அதைவிட, யாரோ ஒருவர் அவளிடம் இன்னும் பேசுகிறார் என்பது எனக்குப் பிடித்திருந்தது.

பிறகு பழகிவிட்டது. அவள் போடும் சிரிப்புப் பொம்மைகளைக்கூட நானே போட்டேன். துர்சுனை அக்கா தளத்தைப் பற்றி மட்டும் எழுதவில்லை. மருமகள் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்று எழுதினார். ரஷ்யாவுக்கு வேலைக்குப் போன கணவர் அங்கே வேறொருத்தியோடு இருக்கிறார், ஊரில் யாருக்கும் தெரியாது என்று எழுதினார். படிக்காமல் விட்டிருக்கலாம். படித்தேன். ஆறுதலும் சொன்னேன்.

"உன் குரலைக் கேட்டு எத்தனை நாளாச்சு! ஒரு போன் பண்ணக் கூடாதாடி?"

"தொண்டை சரியில்ல அக்கா."

ஆகஸ்டில் ஒரு முற்பகல் கதவு மணி அடித்தது. துணிப்பையோடு துர்சுனை அக்கா நின்றார்.

"நீதான எர்மெக்? வேன்ல வந்து இடுப்பே போச்சு. எங்க அவ? வளைக்கரடிக் கொழுப்பு கொண்டாந்திருக்கேன். வேட்டைக்காரன்கிட்ட ரெண்டு மாசம் கெஞ்சி வாங்கினது. சுடுபால்ல ஒரு கரண்டி போட்டுக் குடிச்சா தொண்டை தானா தெறந்துக்கும்."

"உக்காருங்க அக்கா."

"உக்கார வரல. எந்திரிச்சுக்கூட வர முடியலையா அவளுக்கு?"

"ஜனவரியில... வண்டி கவுந்து... தவறிட்டா அக்கா."

"எந்த ஜனவரி?"

"இந்த ஜனவரி."

"போன வாரம் எங்கிட்ட பேசினாளே!"

நான் கணினியைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். முதலில் அவர் முகத்தில் வந்தது துக்கம் அல்ல. காதுவரை சிவந்துவிட்டது.

"அப்ப என் வீட்டுக்காரரைப் பத்தி எழுதினதெல்லாம்..."

"படிச்சேன்கா."

"நீ."

"மன்னிச்சிருங்க."

"வாயை மூடு. ஒருத்தி செத்தா அதைச் சொல்ல ஒரு முறை இல்ல? பெரியவங்க நாலு பேர் பக்கத்துல உக்காந்து, கையைப் பிடிச்சுக்கிட்டு மெதுவா சொல்லுவாங்க. ஏழு மாசமா அவளுக்காக ஒரு தடவ ஓதலடா நான். மண்ணுக்குள்ள கெடக்கிறவகிட்ட மருமகளத் திட்டிக்கிட்டு இருந்திருக்கேன்!"

தரையில் உட்கார்ந்து உள்ளங்கைகளை விரித்து ஓதத் தொடங்கினார். நானும் அருகில் மண்டியிட்டுக் கைகளை விரித்தேன். பாதியில் நிறுத்தினார்.

"நீ அந்தப் பக்கம் போ."

சமையலறையில் போய் நின்றேன். என் மனைவிக்கான ஓதலைச் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து கேட்டேன். பிறகு கதவு சாத்தும் சத்தம். மேசையில் கொழுப்புப் பாட்டில் இருந்தது.

அன்றே புள்ளியை அணைத்தேன். எல்லோருக்கும் உண்மையை என் பெயரில் எழுதினேன். கம்பள வியாபாரி போய்விட்டார், வேறு இருவரும். துர்சுனை அக்கா போகவில்லை. போயிருந்தால் தேவலை. மாதத்துக்கு ஒருமுறை எழுதுகிறார்: "கூடாரப் படத்தை மாற்றவும்." மாற்றிவிட்டு, "மாற்றிவிட்டேன்" என்று எழுதுகிறேன். அதற்குப் பதில் வருவதில்லை.