எழுபத்தொன்றாம் எண் ஆட்டத்தில் தென்படவில்லை

மலைமேல் இருக்கும் எங்கள் பிரதவால் ஊர் அரங்கில் ஐஸ் ஹாக்கி பார்க்க இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று, பனித்தளத்தை ஒட்டியுள்ள சிமெண்டுப் படிகள். அங்கே நின்றால் ஆட்டம் நன்றாகத் தெரியும், காது மரத்துப்போகும். இன்னொன்று, மாடியில் கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் இருக்கும் உணவகம். அங்கே பார்லி சூப் கிடைக்கும், சாராயம் விட்ட காப்பி கிடைக்கும், கால் சூடாக இருக்கும். ஆட்டம் மட்டும் மீன் தொட்டி மாதிரி சத்தமில்லாமல் ஓடும். இருபத்திரண்டு வருடமாக இந்த அரங்கில் ஜெர்சி துவைத்து, ஸ்கேட்டுக்குச் சாணை பிடித்துக்கொண்டிருக்கிறேன். பையன்களை எடைபோட நகரத்திலிருந்து வருகிற நிபுணர்களில் ஒருவர்கூடப் படியில் நின்று நான் பார்த்ததில்லை.

அந்த ஜனவரி மாதச் சனிக்கிழமை வந்தவரின் பெயர் ரோலண்ட் சும்ஸ்டெக். கீழே நகரத்துப் பெரிய கிளப்பின் திறன் மதிப்பீட்டாளர். கையில் டேப்லெட், கழுத்தில் அடையாள அட்டை. எங்கள் அரங்கில் அட்டையைக் கேட்க ஆளே கிடையாது, இருந்தாலும் நெஞ்சு நடுவில் தெரிகிற மாதிரி தொங்கவிட்டிருந்தார். நான் இரண்டு கையிலும் ஜெர்சி மூட்டையோடு படியேறி வருகிறேன். என்னைப் பார்த்து, "ஏம்மா, ரெண்டு காப்பி. ஒண்ணுல சர்க்கரை போட்டுடாத" என்றார்.

"இந்தா வருது சார்" என்று சொல்லிவிட்டு என் வேலையைப் பார்க்கப் போய்விட்டேன்.

அவர் பார்க்க வந்தது குர்தீனை. எங்கள் இளைஞர் அணியின் எழுபத்தொன்றாம் எண். பத்தொன்பது வயது. தச்சுப் பட்டறையில் கடைசி வருடம் வேலை பழகிக்கொண்டிருந்தான். பட்டறை முதலாளி அவனுக்காகப் பெரிய மனது பண்ணி, பயிற்சி நாட்களில் மதியத்தோடு அனுப்பிவிடுவார். இந்தச் சீசனோடு இளைஞர் அணி வயது முடிகிறது. அதற்கப்புறம் பெரிய கிளப்பில் ஒப்பந்தம் கிடைத்தால் அது பிழைப்பு. கிடைக்காவிட்டால், ஞாயிற்றுக்கிழமைகளில் தொப்பை வைத்த ஆட்களோடு ரப்பர் வட்டைத் தட்டிவிட்டு பீர் குடிக்கலாம். கிளப்பில் இருந்தது ஒரே ஒரு இடம். அதற்கு சும்ஸ்டெக் எழுதப்போகும் ஒரு பக்க அறிக்கைதான் முடிவு.

"எடுத்தா எடுக்கட்டும்க்கா, இல்லன்னா ஜன்னல் மாட்டப் போறேன்" என்று முந்தின நாள் என்னிடம் சொன்னான். பெரிய மனுஷன் மாதிரிதான் சொன்னான். மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்று அவன் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

ஆட்டம் ஆரம்பித்து மூன்றாவது நிமிடம், எதிரணித் தடியன் ஒருவன் முழங்கையை உயர்த்தினான். குர்தீன் மூக்கிலிருந்து ரத்தம் கொட்டி, ஜெர்சி எண் வரைக்கும் வழிந்துவிட்டது. ரத்தக்கறை பட்ட ஜெர்சியோடு களத்தில் இறங்க நடுவர் விடமாட்டார், அது விதி. அதற்காகவே பெயர் போடாத ஒரு ஜெர்சி எப்போதும் என் பெட்டியில் இருக்கும். நாற்பதாம் எண். யார் மூக்கு உடையும் என்று முன்கூட்டியே தெரியாது என்பதால் தொளதொளவென்று பெரிய அளவில் வாங்கி வைத்திருக்கிறோம். பஞ்சை அடைத்து, அதை மாட்டிவிட்டு, பதிவு மேசையிலும் சொல்லிவிட்டேன். ஒலிபெருக்கியில் இரண்டு முறை அறிவித்தார்கள். படியில் நின்ற எல்லோருக்கும் கேட்டது. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த சும்ஸ்டெக் அந்த நேரத்தில் சூப் போதுமான அளவு சூடாக இல்லை என்று திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தாராம். பரிமாறுகிற பெண் பிற்பாடு சொன்னாள்.

அன்றைக்கு அந்தப் பையன் ஆடியதை நான் இப்போது நினைத்தாலும் சிலிர்க்கிறது. மூக்கு வீங்கி வாயால் மூச்சு விடுகிறான், ஆனால் வட்டு அவன் மட்டையை விட்டு நகர மாட்டேன் என்கிறது. முழங்கையைத் தூக்கிய அந்தத் தடியனையே இரண்டு முறை சுற்றவிட்டு ஒரு கோல் போட்டான். இன்னொன்றை, கோல்கீப்பரே என்ன நடந்தது என்று திரும்பிப் பார்க்கிற மாதிரி போட்டான். மூன்றாவதைத் தான் அடிக்காமல் பக்கத்துப் பையனுக்குத் தள்ளிவிட்டான்.

ரத்தக்கறையை உடனே குளிர்ந்த நீரில் போட வேண்டும். காயவிட்டால் போச்சு. ஆட்டத்தில் மயங்கி அதையே மறந்துபோய் நான் வாளியை எடுத்தபோது, மூன்று கட்ட ஆட்டத்தின் இரண்டாவது இடைவேளை வந்துவிட்டது. பயிற்சியாளர் பிளாஷ், "ஊர்சினா, மூக்குக்கு வைக்க ஐஸ் கொண்டா" என்று கத்தினான். காலடி முழுக்க ஐஸ் கிடக்கிற அரங்கில், மூக்கில் வைக்கிற அளவுக்குச் சுத்தமான ஐஸ் மாடி உணவகத்தில்தான் கிடைக்கும். ஓடினேன்.

சும்ஸ்டெக் என்னைக் கண்டதும் விரலைச் சொடுக்கினார். "ஏம்மா, இந்த எழுபத்தொண்ணு எங்க? ஒரு தடவகூடக் கண்ணுல படலயே."

சொல்வதற்கு வாயைத் திறந்துவிட்டேன். ஜெர்சி மாத்தியாச்சு சார் என்று மூன்றே மூன்று வார்த்தை. அதற்குள் அவர், "அப்புறம் அந்தக் காப்பி என்னாச்சு? காலைல கேட்டாதான் சாயங்காலம் வருமா உங்க ஊர்ல?" என்றார்.

வாயை மூடிக்கொண்டேன். "இங்கதான் எங்கயாச்சும் இருப்பான். நல்லாத் தேடிப் பாருங்க சார்."

பரிமாறுகிற பெண்ணிடம் ஐஸைக் கொடுத்தனுப்பிவிட்டு, அவர் முதுகுக்குப் பின்னால் காப்பி இயந்திரத்தை ஒட்டி நின்றுகொண்டேன். இப்படி ஒரு வேடிக்கை எத்தனை வருடத்துக்கு ஒருமுறை கிடைக்கும்? மனுஷன் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு எழுபத்தொன்றைத் தேடினார். அப்புறம் ஃபோனை வாயருகே வைத்து அறிக்கை சொல்ல ஆரம்பித்தார்.

"எழுபத்தொன்று. பெரிய ஆட்டங்களில் தென்படுவதில்லை. பயிற்சியாளருக்கே இவன்மேல் நம்பிக்கை இல்லை, பெஞ்சை விட்டு இறக்கவே இல்லை. உயரம் நூற்று எழுபத்தாறு, தொழில்முறை ஆட்டத்துக்குப் போதாது. பரிந்துரை இல்லை."

கீழே குர்தீன் மறுபடி வட்டோடு பாய்ந்தான். சும்ஸ்டெக் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். "நாற்பது. யார் இவன்? பட்டியலிலேயே இல்லை. உயரம் நூற்று எண்பத்துமூன்று இருக்கலாம். நல்ல அகலத் தோள்."

அகலத் தோள் என்னுடைய தொளதொள ஜெர்சி. சிரிப்பை அடக்க எனக்கு வயிறு வலித்தது. ஆட்டம் முடிந்ததும் கீழே வந்து விசாரிப்பார், நாலு பேர் முன்னால் அசடு வழிவார், மூன்று வருடத்துக்கு ஊரில் இதைச் சொல்லிச் சிரிக்கலாம் என்று கணக்குப் போட்டேன். ஆனால் இந்த மாதிரி ஆட்கள் கீழே இறங்கி வருவதே இல்லை. கடைசி விசில் ஊதிய நிமிடமே டேப்லெட்டில் ஒரு பொத்தானை அழுத்திவிட்டு மான்கறி கொண்டுவரச் சொன்னார்.

நான் உடைமாற்றும் அறைக்குப் போனபோது பிளாஷ் ஃபோனைப் பார்த்துக்கொண்டு நின்றான். கிளப்பிலிருந்து ஒரே வரி வந்திருந்தது.

"எழுபத்தொண்ணு ஆட்டத்துல தென்படல, வேணாமாம்" என்றான்.

"ரெண்டு கோல் போட்டேனேண்ணே" என்றான் குர்தீன்.

"ஏற்கெனவே ஆள முடிவு பண்ணி வெச்சிருப்பானுங்கடா. சும்மா பேருக்கு ஒருத்தன அனுப்பிட்டானுங்க. நானும் அடிச்சுப் பாக்குறேன், ஃபோன எடுக்க மாட்டேங்கறானுங்க."

குர்தீன், மூக்குக்கு ஒட்டுப்போட வைத்திருந்த கத்தரிக்கோலை எடுத்தான். குனிந்து, ஸ்கேட்டின் லேஸை அவிழ்க்காமல் ஒவ்வொரு கண்ணியாக வெட்டினான். ஒரு காலை முடித்துவிட்டு அடுத்த காலையும் வெட்டினான். அப்புறம் ஃபோனை எடுத்துப் பட்டறை முதலாளியைக் கூப்பிட்டான். "திங்கக்கிழமைலருந்து முழு நாளும் வர்றேன்ங்க. ஆமா. இல்ல, முடிஞ்சுபோச்சு."

வாளிக்குப் பக்கத்தில் கிடந்த எழுபத்தொன்றை எடுத்தேன். ரத்தம் காய்ந்து பழுப்பாகி விறைத்துப்போயிருந்தது. அதை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடி, மான்கறித் தட்டுக்குப் பக்கத்தில் விரித்தேன்.

"இதான் உங்க எழுபத்தொண்ணு. மூணாவது நிமிஷத்துலயே கழட்டியாச்சு. அதே பையன்தான் நாப்பது."

சும்ஸ்டெக் ஜெர்சியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், முள்கரண்டியை வைத்தார். முதலில் அவர் சொன்னது, "இருக்க முடியாது. அவனுக்கு ஏழு சென்டிமீட்டர் உயரம் கூட" என்பதுதான்.

"கீழ வந்து அளந்து பாருங்க. டேப்பு நான் தர்றேன்."

தட்டைத் தள்ளிவைத்தார். "அறிக்கை போயிடுச்சும்மா. சீசன் முடியிற வரைக்கும் அத மாத்த முடியாது."

"தப்பா எழுதிட்டேன்னு ஃபோன் பண்ணிச் சொல்லுங்க."

"தப்பா? எட்டு வருஷ சர்வீஸ்ல நான் தப்பா எழுதினதே கிடையாது" என்றார். சொல்லும்போதே நெற்றி வேர்த்திருந்தது. பிறகு டேப்லெட்டை இழுத்து, புதிதாக ஒரு பக்கம் திறந்து, எனக்கு முன்னாலேயே கிளப் இயக்குநரைக் கூப்பிட்டார். அவர் ஃபோனை மட்டும் உடனே எடுத்தார்கள். "சார், அந்த எழுபத்தொண்ணு உதவாது, அத விட்டுடுங்க. ஆனா புதையல் ஒண்ணு கிடைச்சிருக்கு. எந்தப் பட்டியல்லயும் இல்லாத பையன். நாப்பது. வேற கிளப்புக்காரன் மூக்க நுழைக்கறதுக்குள்ள நாம அமுக்கிடணும்."

ஃபோனை வைத்துவிட்டு, "நீங்க பெருசா எதுவும் வெளிய சொல்ல வேணாம்" என்றார். முதல் தடவையாக எனக்கு மரியாதை கிடைத்தது.

குர்தீன் லேஸை வெட்டியதிலிருந்து அந்தச் செய்தி கீழே போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆனது. நம்பாமல் பிளாஷை மூன்று தடவை படிக்கச் சொன்னான். அப்புறம் பட்டறை முதலாளிக்கு மறுபடி ஃபோன் போட்டு அழுதான். அவரும் அழுதார் என்று கேள்வி. நான் என் பெட்டியிலிருந்து புது லேஸ் இரண்டு ஜோடி எடுத்துக் கொடுத்தேன்.

இப்போது அவன் நகரத்துப் பெரிய அணியில் ஆடுகிறான், நாற்பதாம் எண்ணில்தான். எழுபத்தொன்றை ஐந்து தடவை துவைத்துவிட்டேன், கறை போகவில்லை. கிளப்பின் கணினியில் எழுபத்தொன்று இன்னும் உயிரோடு இருக்கிறது. மாதம் ஒருமுறை பிளாஷுக்குத் தானாகவே கடிதம் வருகிறது: தங்கள் வீரர் பெரிய ஆட்டங்களில் தென்படுவதில்லை, கவனம் செலுத்தவும். சும்ஸ்டெக் உள்ளூர் வானொலியில் பேட்டி கொடுத்தார். கொட்டுகிற குளிரில் படியில் நின்று பார்த்தபோதே அந்தப் பையனிடம் ஏதோ இருப்பது தெரிந்துவிட்டதாம்.

வெளியே சொல்லாதே என்றால் நான் கேட்கிற ஆளா? பால் பண்ணையில் சொன்னேன், சலூனில் சொன்னேன், பாதிரியாரிடமே சொன்னேன். விரலைச் சொடுக்கிக் காட்டி, ஏழு சென்டிமீட்டரைக் கையால் அளந்து காட்டி, ஊரையே சிரிக்க வைத்தேன். ஒன்றை மட்டும் எப்போதும் மாற்றிச் சொல்லுவேன். ஆட்டம் முடிந்த பிறகுதான் அவர் ஆளை மாற்றிப் பார்த்தது எனக்குத் தெரிந்தது என்று.

மே மாதம் குர்தீன் ஊருக்கு வந்தான். சாணை பிடிக்கிற அறையில் உட்கார்ந்துகொண்டு, "அந்தாளு கதையச் சொல்லுக்கா, எல்லாரும் சொல்றாங்க, உன் வாயால கேக்கணும்" என்றான். சொன்னேன். மான்கறி வரைக்கும் அவன் கண்ணில் நீர் வரச் சிரித்தான். அவன் சிரிக்கச் சிரிக்க எனக்குத் தலைகால் புரியவில்லை.

"எழுபத்தொண்ணு எங்கன்னு எங்கிட்டயே கேக்கறான்டா! நல்லாத் தேடிப் பாருங்க சார்ன்னு சொல்லிட்டு, பின்னாடியே நின்னு மூணாவது கட்டம் பூரா..."

அவன் சிரிப்பு நின்றது. "எப்போ கேட்டான்?"

நான் சாணைக்கல்லைத் துடைக்க ஆரம்பித்தேன்.

"அக்கா, எப்போ கேட்டான்?"

"ரெண்டாவது இடைவேளைல."

"அறிக்கைய அனுப்பறதுக்கு முன்னாடியா?"

தலையாட்டினேன். அவன் தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தான். கோபமாகத் திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது சப்பைக்கட்டு கட்டியிருப்பேன்.

"அப்ப மூணாவது கட்டம் பூரா நீ மாடியில, கண்ணாடிக்குப் பின்னாடி நின்னிருக்க."

"ஆமாடா."

எழுந்து பையை மாட்டிக்கொண்டான். கதவருகே போனவன் திரும்பி, நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவன் மாதிரி கேட்டான்.

"கால் சூடா இருந்துச்சாக்கா?"