மேட்டில் நின்ற சீமெந்துக் கோச்சி

புளியங்குளத்துக்கு வடக்கே, காடு இரண்டு பக்கமும் நெருங்கி நிற்கும் இடத்தில், பரமலிங்கம் தண்டவாள மூட்டின் ஆணிகளை முறுக்கிக்கொண்டிருந்தான். அருளப்பு கட்டைக்கு அடியில் கல்லை இடித்து இறுக்கினான். இரும்பு கை வைக்க முடியாமல் கொதித்தது. பாதை இன்ஸ்பெக்டர் செல்வநாயகம் தண்டவாளத் தள்ளுவண்டியில் வந்து இறங்கினார். தோளில் கமெராவின் தோல்பெட்டி.

"வந்திட்டார்," என்றான் அருளப்பு மெதுவாக. "இண்டைக்கு இஞ்சினுக்குப் பவுடர் பூசிவிடச் சொல்லுவார்."

"வாயைப் பொத்தடா."

செல்வநாயகம் இஞ்சின்களையும் சரக்கு ரயில்களையும் படம் பிடித்துச் சீமைப் பத்திரிகைகளுக்கு அனுப்புகிறவர். பரமலிங்கத்தின் ஊர்க்காரர். அவனை இந்த வேலையில் சேர்த்துவிட்டவரும் அவர்தான். வருஷங்கள் போயும் வேலை தற்காலிகமாகவே இருந்தது. நிரந்தரமானால்தான் வேலையோடு கிடைத்த பாதையோரத்து வீடு நிலைக்கும்.

"தம்பி, சீமெந்துக் கோச்சி வரப்போகுது. ஓட்டத்திலை வந்தால் படம் கலங்கிப்போகும். பச்சைக் கொடியைக் காட்டு."

பாதையில் பழுது இருந்தால் பச்சைக் கொடியை மேலும் கீழும் அசைப்பார்கள். றைவர் வேகத்தைக் குறைப்பார். அன்று பழுது ஒன்றும் இல்லை.

"மேட்டுக்குக் கிட்ட ஐயா. பாரத்தோடை..."

"ஒருக்கால்தானே. உன்ரை நிரந்தரக் காகிதம் இந்த மாசம் மேலை போகுது. நான்தான் அனுப்ப வேணும்."

பரமலிங்கம் கொடியை அசைத்தான். சீமெந்து ஏற்றிய ரயில் தணிந்து ஊர்ந்து வந்தது. செல்வநாயகம் முழங்காலில் நின்று படம் பிடித்தார். இஞ்சின் மேட்டில் பாதி ஏறியதும் சக்கரங்கள் அதே இடத்தில் சுழன்றன. ரயில் நின்றுவிட்டது.

"என்னடா பாதையிலை பிழை?" றைவர் எட்டிப் பார்த்துக் கத்தினார்.

பரமலிங்கம் திரும்பிப் பார்த்தான். செல்வநாயகம் தோல்பெட்டியைப் பூட்டிக்கொண்டிருந்தார்.

தெற்கேயிருந்து வந்த பயணிகள் ரயில் அந்த ஒற்றைப் பாதை கிடைக்காமல் பொழுதுபடும்வரை புளியங்குளத்தில் காத்து நின்றது.

மறுநாள் செல்வநாயகம் பரமலிங்கத்தின் வீட்டுக்கு வந்தார். இருந்த ஒரே கதிரையைத் துடைத்துப் போட்டாள் அவன் மனைவி சிவனேஸ்வரி.

"விசாரணை வரும். மூட்டிலை ஆணி கழண்டிருந்தது, அதாலை கொடி காட்டினன் எண்டு சொல்லு. நானும் கண்டன் எண்டு சொல்லுறன். படக் கதையை எடுத்தியோ, ரெண்டு பேருக்கும் வேலை இல்லை."

அவர் போன பிறகு சிவனேஸ்வரி தேத்தண்ணிக் கோப்பையை எடுத்தாள்.

"பொய்யை நீங்கள் சொல்லுவியள். அந்தாள் சொல்லுமோ?"

"எங்கடை ஊராளப்பா. எங்கடை கலியாணத்துக்கும் வந்தவர்."

"ஓமோம். பாயசம் ரெண்டு தரம் வாங்கிக் குடிச்சவர்."

விசாரணை வவுனியாவில் நடந்தது. பரமலிங்கம் சொல்லிக்கொடுத்தபடி சொன்னான். விசாரித்த பெரிய துரை செல்வநாயகத்தின் பக்கம் திரும்பினார். செல்வநாயகம் எழுந்து நின்று ஆங்கிலத்தில் நிதானமாகப் பேசினார். ஒரு தடவை பரமலிங்கத்தைக் கையால் சுட்டினார். தனக்காகத்தான் பேசுகிறார் என்று நினைத்த பரமலிங்கம் பணிவாகத் தலையாட்டிக்கொண்டிருந்தான். அவர் உட்காரும்போது கும்பிட்டான்.

பிறகு கிளாக்கர் தமிழில் சொன்னார்: "ஆணி ஒண்டும் கழலேல்லையாம். தான் அங்கை நிண்டு பாத்தவராம். நீர் ஏன் கொடி காட்டினீர் எண்டு தனக்கு விளங்கேல்லையாம்."

கும்பிட்ட கைகளைப் பரமலிங்கம் இறக்க மறந்துவிட்டான்.

"ஐயாதானே படத்துக்கு..." என்று அவன் தொடங்கினான்.

"முதலிலை ஆணி எண்டீர். இப்ப படம் எண்டுறீர்," என்றார் கிளாக்கர்.

வாசலில் அருளப்பு நின்றான். பரமலிங்கம் பார்த்ததும் அவன் நிலத்தைப் பார்த்தான். அவனும் தற்காலிகம்தான்.

வேலை போனது. அடுத்த கிழமை வீட்டை விட்டுப் புறப்பட்டார்கள். றோட்டுக்குச் சுற்றிப் போகாமல் தண்டவாளத்தின் ஓரமாகவே ஸ்ரேசனுக்கு நடந்தார்கள். சிவனேஸ்வரியின் தலையில் தகரப்பெட்டி. பரமலிங்கத்தின் தோளில் பாய்க்கட்டு, இடுப்பில் பிள்ளை. பின்னால் தூரத்தில் இஞ்சின் கூவியது. முன்னால், வளைவில், செல்வநாயகம் முழங்காலில் நின்றார்.

"ஒதுங்குங்கோ, ஒதுங்குங்கோ!" கமெராவிலிருந்து கண்ணை எடுக்காமலே கத்தினார். "படத்துக்கை விழுறியள்!"

சிவனேஸ்வரி அசையாமல் நின்றாள். பரமலிங்கம் அவளுடைய முழங்கையைப் பிடித்துப் பற்றைக்குள் இறக்கினான். முள் சேலையைப் பற்றியது. சீமெந்துப் பெட்டிகள் ஒவ்வொன்றாகக் கடந்தன. ரயிலைக் கண்ட பிள்ளை கையை உயர்த்தி ஆட்டியது. பரமலிங்கம் அந்தக் கையைப் பிடித்து மெல்லக் கீழே இறக்கினான்.