பதினேழு முறை இறந்த பெண்

என் கடையில் வெள்ளைக்காரன் கேமும் ஜப்பான்காரன் கேமும் ஒரே அலமாரியில்தான் இருக்கும். ஆனால் இரண்டுக்கும் ஆகாது. எனக்கும் என் தம்பி ஜெயபாலனுக்கும் அப்படித்தான், இந்தக் கேம் விஷயத்தில் மட்டும்.

மலாக்காவில் காஜா பெராங் சாலையில், கம்போங் செட்டிக்குத் திரும்பும் முனைக்குச் சற்று முன்னால், கீழே மூக்குக்கண்ணாடிக் கடை, மேலே என் கடை. வீடியோ கேம் சிடிக்களை வாடகைக்கு விடுகிறேன். நாற்பத்தொரு வயதுப் பொம்பளைக்கு இது ஒரு பிழைப்பா என்று சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். சிரித்தவர்கள் வீட்டில் இப்போது இரண்டு கேம் மெஷின் இருக்கிறது. சந்திரமதி அக்காவிடம் சொல்லிப் புதுசு ஏதாவது வாங்கி வா என்று என்னிடமே ஆளனுப்புகிறார்கள்.

எனக்கு வெள்ளைக்காரன் கேம்தான் பிடிக்கும். அதில் நாயகனுக்கு முகமே கிடையாது. திரைக்குக் கீழே இரண்டு கை, ஒரு வாள், அவ்வளவுதான். அந்த ஆள் நாம்தான். வழியில் ஒரு பிச்சைக்காரன் கை நீட்டுவான். பிச்சை போடலாம், எட்டி உதைக்கலாம், காணாததுபோல் போகலாம். பத்து மணி நேரம் ஆடிய பிறகு ஓர் ஊருக்குள் நுழைந்தால், எல்லாரும் கதவைச் சாத்துவார்கள். ஏனென்றால் அன்றைக்கு உதைத்தது நாம். செய்ததை அனுபவி என்று அந்தக் கேம் சொல்லும். நியாயம் என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நான் நினைத்தேன்.

ஜப்பான் கேமில் எல்லாம் முதலிலேயே எழுதியாகிவிட்டது. நாயகனுக்குப் பேர் இருக்கும், சிலிர்த்து நிற்கும் முடி இருக்கும், ஊரில் அம்மா இருப்பாள். நாம் அவனை நடத்திக்கொண்டு போக வேண்டியதுதான். நடுநடுவே பூதங்களோடு சண்டை, மீதி நேரமெல்லாம் பேச்சு. சமைப்பார்கள், சாப்பிடுவார்கள், மழையைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்பார்கள். கல்யாண வீட்டில் கையைப் பிடித்துக்கொண்டு பேசுகிற மாமா மாதிரி, கதையை முடிக்காமல் ஜப்பான்காரன் நம்மை விடமாட்டான்.

“கதைய அவனே சொல்லிடறான்னா நீ எதுக்குடா பட்டன அமுக்கற?” என்று கேட்பேன்.

“கூட போறதுக்குலா, அக்கா. எல்லா எடத்துலயும் நீயே முதலாளியா இருக்கணுமா?” என்பான் ஜெயபாலன்.

எங்கள் கடைக்குட்டி மல்லிகா இரண்டு பேருக்கும் பொது. “ரெண்டு பேரும் வாய மூடுற கேம் இருந்தா எனக்கு ஒன்னு குடு, அக்கா,” என்பாள். அப்பா அம்மா போன பிறகு செமாபோக்கில் இருக்கிற எங்கள் வீட்டில் அவளும் ஜெயபாலனும்தான் இருந்தார்கள். நான் கல்யாணமாகி இந்தப் பக்கம் வந்துவிட்டேன்.

இந்த வருஷம், தொண்ணூற்றொன்பது ஏப்ரலில், மல்லிகா கொசுக்கடியில் வருகிற டிங்கிக் காய்ச்சலில் செத்துப் போனாள். முப்பது வயது. செவ்வாய்க்கிழமை காய்ச்சல் வந்தது. சனிக்கிழமை காலையில் ஜெயபாலன் அவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினான். ஞாயிற்றுக்கிழமை சவப்பெட்டியில் வீட்டுக்குக் கொண்டு வந்தோம்.

எனக்குக் கோபம் வந்தால் நாக்குக்குப் பூட்டுக் கிடையாது. நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது என்பார்கள். நான் மூட்டையோடு கொட்டினேன். பெட்டி கூடத்தில் இருக்க, அத்தனை சொந்தக்காரர்களும் பார்த்திருக்க, “வியாழக்கிழமையே கூட்டிட்டுப் போயிருந்தா என் தங்கச்சி இருந்திருப்பா. நீ பக்கத்துல உக்காந்து கேம் ஆடிக்கிட்டிருந்த,” என்று தம்பியைப் பார்த்துக் கத்தினேன். அவன் தலை குனிந்துகொண்டான்.

ஒன்றை மட்டும் நான் யாரிடமும் சொல்லவில்லை. புதன்கிழமை சாயந்திரம், ஜெயபாலன் மாலை ஷிப்ட் வேலையில் இருந்தபோது, நான் செமாபோக் போயிருந்தேன். மல்லிகாவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். சாதாக் காய்ச்சல், மாத்திரை போட்டுத் தூங்கு, இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று சொல்லிவிட்டுக் கடைக்குத் திரும்பிவிட்டேன். கூடத்தில் நான் கத்தியதற்குக் காரணம் கோபம் மட்டுமில்லை. யார் மேலாவது அந்தப் பழியைப் போடாவிட்டால் அது என் மேல் வந்து விழும்.

கருமாதி முடிந்த மறுவாரம் ஜெயபாலன் கடைக்கு வர ஆரம்பித்தான். தொழிற்சாலையில் காலை ஷிப்ட் முடிந்து மூன்று மணிக்கு வருவான். என்னோடு பேச மாட்டான். வாடிக்கையாளர்கள் ஆடிப் பார்க்கிற டிவிக்கு முன்னால் உட்கார்ந்து ஒரே ஒரு ஜப்பான் சிடியைப் போடுவான். மல்லிகா காய்ச்சலில் கிடந்தபோது அவன் ஆடிக்கொண்டிருந்த அதே கேம்.

அதில் மூலிகைக் கூடையோடு ஒரு பெண் நாயகன் கூடவே வருவாள். அவள் பேரை எங்களால் படிக்க முடியவில்லை. இங்கிலீஷில் வருகிற சிடி விலை அதிகம், வரவும் ஆறு மாதம் ஆகும். மலாக்காவில் பாதிப் பேர் ஜப்பான் எழுத்திலேயே குருட்டாம்போக்கில் ஆடுகிறவர்கள்தான். மேல்வரியை அமுக்கிப் பார், சரிவராவிட்டால் கீழ்வரியை அமுக்கு. எங்கள் ஜப்பானியப் படிப்பு அவ்வளவுதான். நாங்கள் அவளைக் கூடைக்காரி என்றோம்.

ஒரு மரப்பாலத்தில் கூடைக்காரி நின்று திரும்பிப் பார்த்து ஏதோ கேட்பாள். இரண்டு வரி வரும், ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எதை அமுக்கினாலும் அதற்கடுத்த காட்சியில் செத்துவிடுவாள். உடனே ஜெயபாலன் மெஷினை அணைத்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிப்பான். பாலத்துக்கு வந்து சேர ஒரு வாரம் பிடிக்கும். ஆடட்டும், துக்கத்துக்கு ஒரு போக்கு வேண்டுமே என்று விட்டுவிட்டேன்.

ஆகஸ்ட் கடைசி வாரம், மலேசியாவின் நாற்பத்திரண்டாவது சுதந்திர நாளுக்காகக் கடை வாசலில் கொடி கட்டிக்கொண்டிருந்தேன். நாற்காலியில் அவன் நோட்டுப் புத்தகம் கிடந்தது. திறந்து பார்த்தேன், ஆடிய ஒவ்வொரு தடவைக்கும் ஒரு வரி எழுதியிருந்தான். ஒன்பது: மலைப்பாதை வழியாகப் போனேன், செத்துவிட்டாள். பன்னிரண்டு: எல்லா மருந்தையும் அவளிடமே கொடுத்தேன், செத்துவிட்டாள். பதினாறு: யாரிடமும் நின்று பேசவில்லை, சீக்கிரமே பாலத்துக்கு வந்துவிட்டேன், செத்துவிட்டாள்.

சீக்கிரமே என்ற சொல்லுக்கு அடியில் கோடு போட்டிருந்தான். கூடத்தில் நான் சொன்னதைத்தான் இவன் நான்கு மாதமாக ஆடிக்கொண்டிருக்கிறான். ஜப்பான்காரன் கேமை, என் பேச்சைக் கேட்டு, வெள்ளைக்காரன் கேமாக நினைத்து ஆடுகிறான். எங்கேயோ ஒரு தப்புச் செய்திருக்கிறேன், அதைக் கண்டுபிடித்தால் அவள் பிழைப்பாள் என்று தேடுகிறான்.

அடைக்கப்பனுக்குப் போன் போட்டேன். செட்டியார் வீட்டுப் பிள்ளை, அரசாங்கம் ஜப்பானுக்குப் பயிற்சிக்கு அனுப்பிய கூட்டத்தில் போய் இரண்டு வருஷம் இருந்துவிட்டு வந்து, ஆயர் கெரோவில் ஒரு தொழிற்சாலையில் இன்ஜினியராக இருக்கிறார். ஜப்பான் சிடி வந்தால் முதலில் அவருக்குத்தான் சொல்வேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்தார். அன்று ஜெயபாலன் பதினேழாம் தடவையாகப் பாலத்துக்கு வந்து நின்றிருந்தான்.

“தம்பி, அந்தப் பொண்ணு என்னா கேக்குதுன்னு கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க,” என்றேன் அடைக்கப்பனிடம்.

அவர் குனிந்து பார்த்தார். “பசிக்குதான்னு கேக்குதுக்கா. மேல உள்ளது ஆமான்னு. கீழ உள்ளது கொஞ்சம்னு.”

ஜெயபாலன் திரும்பினான். “அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான். நான் அங்க இருந்தப்பவே இத முடிச்சிட்டேன். எந்த வழியா வந்தாலும் இங்க அது செத்துடும். யாராலயும் ஒன்னும் செய்ய முடியாது, கதையே அப்படித்தான்.” சொன்ன பிறகுதான் எங்கள் முகத்தைப் பார்த்தார். வேலை இருக்கிறது என்று சொல்லி மெதுவாகப் படியிறங்கிப் போனார். நல்ல மனுஷன்.

ஜெயபாலன் மேல்வரியை அமுக்கினான். கூடைக்காரி சிரித்தாள். அடுத்த காட்சியில் செத்தாள். அவன் கையிலிருந்த கண்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டான்.

நான் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். “பாத்தியாடா? ஒன் மேல தப்பே இல்ல. மொதல்லயே எழுதி வச்சிட்டான். நீ என்னா செஞ்சாலும் அப்படித்தான்.” வாழ்நாள் பூரா வெள்ளைக்காரன் கட்சியில் இருந்துவிட்டு, அன்று நான் ஜப்பான் கட்சிக்குத் தாவினேன். அவனுக்கு ஆறுதலாக இருக்கும் என்று நம்பினேன்.

“வேணாங்க்கா,” என்றான். “எழுதி வச்சதுன்னா, அவளுக்கு வழியே இல்லாம இருந்துச்சுன்னு அர்த்தம். என் தப்புன்னா, பொழைக்கறதுக்கு ஒரு வழி இருந்துச்சு, நான்தான் விட்டுட்டேன்னு அர்த்தம். எனக்கு என் தப்பாவே இருக்கட்டும்.”

ஒரு பழியை ஒருவன் இப்படிக் கட்டிப் பிடித்துக்கொள்வானா? அதை அவன் கையில் கொடுத்தவள் நான். இனியும் வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் மனுஷியே இல்லை என்று தோன்றியது.

“ஜெயா, அந்தப் புதன்கிழமை நான் செமாபோக் வந்தேன். நீ வேலையில இருந்த. மல்லிகா நெத்திய நான்தான் தொட்டுப் பாத்தேன். சாதாக் காய்ச்சல்னு நான்தான்...”

“தெரியும்.”

“என்னா தெரியும்?”

“வியாழக்கிழமை காலையில அவளுக்குக் கொதிச்சுது. கார் சாவிய எடுத்துட்டேன். அவதான் வேணாம்னா. ‘நேத்து அக்கா வந்து பாத்துச்சு, சாதாக் காய்ச்சல்தான்னு சொல்லுச்சு, நீ போய் ஒன் கேம ஆடு’ன்னா. அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்னு சாவிய வச்சிட்டேன்.”

கீழே சாலையில் ஒரு பஸ் நின்று ஆள் ஏற்றிக்கொண்டு போனது.

“அத்தன பேருக்கு முன்னால ஒன்னப் பேசுனனேடா. அப்பவே திருப்பிக் கேட்டிருக்கலாமே. நீதான சொன்னன்னு ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே.”

ஜெயபாலன் நோட்டுப் புத்தகத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

“கேட்டிருந்தா, எனக்குப் பதிலா இந்த நாலு மாசமா இங்க உக்காந்து இத நீ ஆடிக்கிட்டிருப்ப.”

நான் அழுதேன். மல்லிகாவின் பெட்டிக்கு முன்னால் கத்தினேனே தவிர அன்றைக்கு அழவில்லை. கடையில் ஆள் இருக்கிறதா என்றுகூட நான் பார்க்கவில்லை.