டன்கோரன் பிரபு

டன்கோரன் கோட்டையை விடுமுறையில் வாடகைக்கு எடுப்பவர்களிடம் சாவி கொடுப்பது, கணப்பு மூட்டுவது, குழாயில் வெந்நீர் வராததற்குப் பதினாறாம் நூற்றாண்டைக் காரணம் காட்டுவது ஆகியவை ஃபின்டன் டூஹியின் வேலைகள். சம்பளத்தோடு வெளிவாசல் அருகே ஒரு வீடும் கொடுத்திருந்தார்கள். இன்னொரு புகார் வந்தால், சாவி கொடுக்க ஆளே வேண்டாதபடி கோட்டைக் கதவில் எண் பூட்டு மாட்டிவிட்டு, அந்த வீட்டையும் வாடகைக்கு விடப்போவதாக லண்டனிலிருந்து முதலாளி போன மாதம் தொலைபேசியில் சொல்லியிருந்தார். முந்தைய புகார் மழையைப் பற்றியது.

ஜூனில் ஹாலந்திலிருந்து யோஸ்ட் டெர்ப்ஸ்ட்ரா என்பவர் குடும்பத்தோடு வந்து இறங்கினார். எதையும் நேராகக் கேட்கிற மனிதர். மறுநாள் காலை, விறகு அடுக்கிக்கொண்டிருந்த ஃபின்டனிடம் வந்து நின்றார்.

"நாளைக்கு என் மனைவிக்கு ஐம்பதாவது பிறந்தநாள். சாயங்கால விருந்துக்கு நீங்க இந்தக் கோட்டையோட பிரபு மாதிரி வேஷம் போட்டுட்டு வரணும். வருவீங்களா?"

ஃபின்டன் விறகிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஓ, வந்துட்டாப் போச்சு" என்றார்.

அவர் சொன்ன தொனியில் அதற்கு என்ன அர்த்தம் என்று அயர்லாந்தின் கிளேர் மாவட்டத்தில் பிறந்த குழந்தைக்கும் தெரியும்: செத்தாலும் வரமாட்டேன். யோஸ்ட் கிளேரில் பிறக்கவில்லை. ஃபின்டனின் கையைப் பிடித்துக் குலுக்கி, நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் மதியம் கோட்டையில் படுக்கை விரிக்கப் போன ஃபின்டனின் மனைவி அட்ராக்டாதான் சேதி கொண்டுவந்தாள். மேஜையின் தலைப்பக்கத்தில், பெரிய நாற்காலிக்கு முன்னால், தங்க மசியில் 'பிரபு' என்று ஒரு அட்டையில் எழுதி வைத்திருக்கிறார்களாம்.

"வரமாட்டேன்னுதானே சொன்னேன்" என்றார் ஃபின்டன்.

"எப்படிச் சொன்ன?"

சொல்லிக் காட்டினார். அட்ராக்டா கூரையைப் பார்த்தாள்.

"நம்ம வாய் அவருக்குப் புரியுமாய்யா? நீ போகலேன்னா புகார். புகார் வந்தா படுக்கைய எங்க போடுறது, ஆத்துலயா?"

சாவுக்குப் போட்டுக்கொள்ளும் கறுப்புக் கோட் ஒன்றை ஃபின்டன் எடுத்து மாட்டினார். அந்தக் கோட்டில் இதுவரை பதினொரு பேரை அடக்கம் செய்திருந்தார். அட்ராக்டா மாடி அறையின் சிவப்புத் திரைச்சீலையைக் கழற்றி அவர் தோளில் ஊக்குக் குத்திவிட்டாள். "சிரிச்சிடாதீங்க, பிரபுவே" என்றாள்.

அவர் நுழைந்ததும் குடும்பமே எழுந்து நின்றது. முழு ஆட்டுத்தொடை ஒன்று வறுபட்டு வந்தது. பதற்றத்தில் ஃபின்டன் காலையிலிருந்து எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை.

"கறி போடட்டுமா?" என்று கேட்டார் யோஸ்ட்.

"ஐயோ வேண்டாம், வயிறு நிறைஞ்சிருக்கு."

கிளேர் பக்கத்தில் முதல் தடவையே சரி என்பவன் வளர்ப்புச் சரியில்லாதவன். வீட்டுக்காரர் இரண்டாம் முறை கெஞ்ச வேண்டும், மூன்றாம் முறை திட்ட வேண்டும். அதற்குள் தட்டு தானாக நிறைந்துவிடும். யோஸ்ட் தலையாட்டிவிட்டுத் தட்டைப் பக்கத்திலிருந்தவரிடம் நகர்த்தினார்.

அடுத்து வெண்ணெயில் புரட்டிய உருளைக்கிழங்கு வந்தது. ஒரு தடவை கேட்டார்கள், வேண்டாம் என்றார், போய்விட்டது. கேக்கும் அப்படியே போனது. ஆட்டுத்தொடையில் மெல்ல மெல்ல எலும்பு தெரிந்துகொண்டு வருவதை ஃபின்டன் பார்த்துக்கொண்டிருந்தார். கோட்டையில் நடந்த போர்களைப் பற்றிக் கேட்டதற்கு, "நடந்தது" என்றார். அதற்கு மேல் பேசத் தெம்பில்லை. அந்தக் கம்பீரத்தை எல்லோரும் படம் எடுத்துக்கொண்டார்கள்.

வீடு திரும்பியதும் அட்ராக்டா என்ன சாப்பாடு என்று விசாரித்தாள்.

"ஒரு தடவதான் கேட்டாங்க."

அவள் அடுப்பில் சட்டியை வைத்தாள்.

பத்து நாள் கழித்து முதலாளி தொலைபேசியில் கூப்பிட்டார். டெர்ப்ஸ்ட்ரா குடும்பம் எழுதியிருந்ததை வாசித்துக் காட்டினார்: 'விருந்தினர் முன்னால் பிரபு ஒரு துண்டு ரொட்டியைக்கூடத் தொடவில்லை. இதுவல்லவா பரம்பரை!' எண் பூட்டுப் பேச்சு இனி இல்லை, வீடு ஃபின்டனுக்கே. ஆனால் செப்டம்பர்வரை சனிக்கிழமைதோறும் பிரபு வர வேண்டும்.

"வருவீங்கதானே?"

"ஓ, வந்துட்டாப் போச்சு" என்றார் ஃபின்டன். முதலாளியும் நன்றி சொன்னார். அட்ராக்டா அதற்குள் திரைச்சீலைக்கு இஸ்திரி போட ஆரம்பித்திருந்தாள்.

சனிக்கிழமை வந்திருந்தவர்கள் ஜெர்மன்காரர்கள். கறி போடட்டுமா என்று ஒரு அம்மாள் கேட்டாள். ஃபின்டன் நாற்காலியின் இரண்டு கைகளையும் இறுகப் பிடித்துக்கொண்டார்.

"போடுங்க" என்றார்.

கிழங்குத் தட்டோடு உள்ளே வந்த அட்ராக்டா, வெட்கம் தாங்காமல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.