சந்தாதாரர்களிடமிருந்து கழன்றவை

ஊர்ச் சங்கம் நடத்திய பத்திரிகையைக் கடைசிப் பக்கம்வரை படித்த போஸ்ட்மாஸ்டருக்கு மறுநாள் காலையில் கீழ்வரிசையில் புதுப் பல் முளைத்தது. ஓய்வு பெற்று, பேரன் எடுத்த மனிதர். அடுத்த இதழில் தையற்காரியின் கூன் நிமிர்ந்தது, மருந்துக்கடைக்காரருக்கு இளைப்பு நின்றது. ஊரில் யாரும் பெரிதாக வாயைப் பிளக்கவில்லை. அட்டையிலேயே ‘உன்னைப் புதுப்பி, உலகைப் புதுப்பி’ என்று போட்டிருந்தது. போட்டபடி நடந்தது, அவ்வளவுதான். தலையங்கத்தோடு தூங்கிப்போனவர்கள் பழைய வலியோடேயே எழுந்தார்கள். முழுக்கப் படித்தால்தான் பலன். பத்திரிகையின் பின்பாதி பண்பாட்டுக்கு. அதையும் விடாமல் படித்ததில் ஊரார் வாய்க்கால் தகராறை மறந்தார்கள், நல்லதுதான். தாலாட்டையும் மறந்தார்கள். பிள்ளை அழுதால் முதுகில் தட்டிக் கொடுத்துவிட்டு, மேற்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் தாய்மார்கள் சுவரைப் பார்த்தார்கள்.

சங்கத்தில் ஒரு சட்டம் வைத்திருந்தார்கள். படித்த இதழை வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது. பழையதைத் திருப்பிக் கொடுத்தால்தான் புதியது. திரும்பி வந்தவற்றை அச்சகத்துக்குப் பின்னால் ஒரு சிமெண்டுத் தொட்டியில் ஊறப்போட்டுக் கூழாக்கி, அதையே காகிதமாக்கி அடுத்த இதழை அடித்தார்கள். படித்தவர்கள் கூடி முடிவெடுத்த விஷயம், அதனால் பழையது கழன்றால் எங்கே போகும் என்று ஒருவரும் கேட்கவில்லை. தொட்டிக்குத்தான் போயிற்று. துழாவினால் கூழ் மூச்சிளைத்தது, இருமியது, வாய்க்காலுக்காக வரிந்துகட்டிச் சண்டை போட்டது, சில நேரம் தாலாட்டும் பாடியது. காகிதமாகக் காய்ந்ததும் சத்தம் அடங்கிவிடும். துழாவுகிறவனும், அச்சான தாள்களை மடித்து நடுமடிப்பில் கம்பிப் பின் அடிக்கிற பைண்டரும் ஒரே ஆள். விரலிடுக்கில் எப்போதும் பசை காய்ந்து கிடக்கும், அதனால் எல்லோருக்கும் அவன் பசை. எழுத்துக் கூட்டிப் படிக்கிறவன். முதல் பக்கத்தைத் தாண்டுவதற்குள் அடுத்த இதழ் வந்துவிடும் என்பதால் அவனிடமிருந்து எதுவும் கழலவில்லை.

அவன் மனைவிக்கு மூட்டுவலி. சந்தா கட்டச் சொன்னதே அவன்தான். முதல் இதழில் வலி போயிற்று. அப்புறம் இடிக்குப் பயப்படுவது போயிற்று. அதற்கப்புறம் அக்காள்மேல் இருந்த பகை போய், அக்காள் குடும்பத்தோடு வந்து ஒரு வாரம் தின்றுவிட்டுப் போனாள். அதுவரை பசைக்கு எல்லாம் சந்தோஷம்தான். அவளுக்கு அவனைத் திட்டாமல் பொழுது போகாது. வேலை முடிந்து வாசலில் கால் வைத்தால், “யோவ் பசை, செருப்பை உள்ள வை. நாய் தூக்கிட்டுப் போச்சுன்னா உன்னையத்தான் வாசல்ல போட்டு வைப்பேன்” என்று ஆரம்பித்து, சாப்பாட்டில் கிடந்த முடியை அவன் எடுத்துப்போட்டதற்குத் திட்டுவதுவரை ஓயாது. கல்யாணமான நாளிலிருந்து வீட்டில் அவன் கேட்ட பேச்சு அதுதான். ஒரு சாயங்காலம் அவள், “வாங்க, சாப்பிடறீங்களா?” என்றாள்.

“என்னடி, உடம்புக்கு முடியலையா?”

“நல்லாத்தாங்க இருக்கேன்.”

அவன் சாப்பிடவில்லை. மறுநாள், அவள் திருப்பிக் கொடுத்த இதழும் சேர்ந்து ஊறிய தொட்டியைத் துழாவும்போது, கூழுக்குள்ளிருந்து “யோவ் பசை” என்று கேட்டது. முதலில் சிரித்துவிட்டான். பிறகு துடுப்பை வைத்துவிட்டுத் தொட்டிச் சுவரைப் பிடித்துக்கொண்டான். திட்டு கழன்றாயிற்று; அடுத்துக் கழல மிச்சமிருப்பது யார் என்று கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டியதில்லை.

கடைசிப் பக்கம் இல்லாவிட்டால் அவள் முடிக்க முடியாதல்லவா? அவள் பிரதியில் மட்டும் கடைசித் தாளை உருவினான். ஆனால் பின் அடித்த புத்தகத்தில் கடைசிப் பக்கமும் முதல் பக்கமும் ஒரே தாளின் இரண்டு பாதி. ஒன்றை உருவினால் மற்றதும் கூடவே வரும். பைண்டருக்குத் தெரியாத சங்கதி இல்லை. பதற்றத்தில் கை முந்திவிட்டது. அட்டையைத் திருப்பியதும் சங்கத் தலைவருடைய செய்தியைக் காணோம் என்று அவள் சங்கத்துக்கு எழுதினாள். சங்கம் வருத்தம் தெரிவித்து இரண்டு பிரதி அனுப்பியது. அடுத்த இதழில் கடைசி இரண்டு பக்கத்தைப் பசை போட்டு ஒட்டினான். அவள் கெட்டில் ஆவியில் காட்டி, கிழியாமல் பிரித்துப் படித்தாள். அன்றைக்கு அவன் பெயர் அவளுக்கு மறந்தது.

பத்திரிகை ஆசிரியரம்மாவிடம் போனான். ஒவ்வொரு இதழையும் திருத்துவதற்காகக் கடைசிப் பக்கம்வரை பலமுறை படித்து, அந்த அம்மாளுக்கு வயது கல்லூரிப் பெண் மாதிரி ஆகிவிட்டிருந்தது. மேஜைமேல் ‘ஆசிரியர்’ என்று பலகை வைத்திருந்தார்கள். அதைப் பார்த்துத்தான் தினமும் உட்கார்ந்தாள்.

“நீங்க புதுசா சேர்ந்தவரா?” என்றாள்.

“உங்களுக்கு முன்னாடியிருந்தே இங்கதாம்மா இருக்கேன். என் பொண்டாட்டிக்கு மட்டும் பத்திரிகையை நிறுத்திடுங்க.”

“அவங்க எழுதிக் கேட்டா நிறுத்திடலாங்க.”

“அவ கேக்க மாட்டாம்மா. ஆசையா படிக்கிறா.”

“அப்ப அவங்களுக்குப் பிடிச்சிருக்குதானே? உங்களுக்குத்தான் பிரச்சினை போலிருக்கு. நீங்களும் படிங்களேன்.”

அவள் சொன்னதில் கெட்ட எண்ணம் ஏதுமில்லை, அதுதான் கையைக் கட்டிப்போட்டது. திரும்பி வாசல்வரை போவதற்குள், “யாருங்க, ஏதாவது வேணுமா?” என்று பின்னாலிருந்து அவளே கேட்டாள்.

அடுத்த இதழ் வந்த மறுநாள், பல் விளக்கிக்கொண்டிருந்தவனை அவன் மனைவி சமையலறை வாசலிலிருந்து பார்த்து, “யாருங்க நீங்க?” என்றாள். “பைண்டருங்க” என்றான். பக்கத்து வீட்டுக்காரி வந்து, “அட, உன் புருஷன்டி” என்று தலையில் அடித்துக்கொண்டாள். “அப்படியா?” என்று கேட்டுக்கொண்டாள் இவள், மரியாதையாக. ஊரே புதிதாகிக்கொண்டிருந்த காலம். அப்படி நாலைந்து வீட்டில் நடந்திருந்தது. அவன் முன்னறையில் படுத்துக்கொள்ளட்டும் என்று ஏற்பாடாயிற்று.

பசை ஒரு வேலை செய்தான். அவள் குரல் கேட்ட பக்கமாகப் பார்த்துக் கூழை ஒரு பக்கெட் மொண்டு, ஈரத்துணி மூடி எடுத்துவந்து, கழன்றது ராத்திரியில் திரும்ப ஒட்டிக்கொள்ளும் என்று அவள் கட்டிலுக்கடியில் வைத்தான். கூழில் என்னுடையது உன்னுடையது என்று வரப்பா போட்டிருக்கிறது? காலையில் அவள் மருந்துக்கடைக்காரருடைய இளைப்போடு எழுந்தாள். வாசலுக்கு ஓடி, “பாப்பா ஸ்கூல் விட்டு வந்தாச்சா?” என்று தெருவில் போகிறவர்களையெல்லாம் கேட்டாள். அவர்களுக்குப் பிள்ளை கிடையாது. யாரோ ஒருத்தி மறந்துபோன பிள்ளை. அடுத்த இதழ் வரும்வரை அவள் அந்தப் பிள்ளைக்குத் தட்டு வைத்தாள், இளைத்தபடி வாசலில் காத்திருந்தாள். பசை பக்கத்தில் நின்று, “வந்துருவாம்மா” என்று சொல்லிக்கொண்டிருந்தான். இந்த முறை இதழை அவனே கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தான். அவள் கடைசிப் பக்கத்தை முடிக்கிறவரை எதிரில் உட்கார்ந்திருந்தான். பிள்ளை போயிற்று, இளைப்பும் போயிற்று. நன்றாகத் தூங்கினாள்.

பிறகு வருஷங்கள் போயின. அவள் வரவர இளமையாகிப் பாட்டு வகுப்பில் சேர்ந்தாள். முன்னறைப் பைண்டருக்கு நல்ல மனது என்று எல்லோரிடமும் சொன்னாள். பசைக்குக் குனிய முடியாமல் போனது, துழாவுகிற வேலையை மட்டும் விடவில்லை. மத்தியானத்தில் டிபன் பாக்ஸைத் தொட்டிச் சுவர்மேல் வைத்துத் திறப்பான். “யோவ் பசை, சட்டையில சிந்தாம தின்னத் தெரியாதா உனக்கு?” என்று கூழ் கேட்கும். “சரிடி, கத்தாதே” என்பான். அச்சகத்து ஆட்கள் அந்தப் பக்கம் போனால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். இதழ் வெளியே போயிருக்கிற நாட்களில் தொட்டியில் வெறும் தண்ணீர்தான் நிற்கும். அப்போதெல்லாம் அவன் சீக்கிரம் சாப்பிட்டு எழுந்துவிடுவான்.